மணமாலையும் அதைக் கட்டிய கைகளும்

தமிழர் திருமணத்தில் பூவுக்குள்ள இடம் மிகப் பழையது. ஆனால் பூக்காரர் பலரை விசாரித்து, விலை பேசி, அச்சாரம் கொடுத்து ஒருவரை அமர்த்தும் வழக்கம் அண்மைக் காலத்தது. அகநானூற்றின் 86ஆம் பாடல் காட்டும் திருமணத்தில், மகப்பெற்ற மகளிர் நால்வர் நீராட்டி வாழ்த்த, மணமகளின் கூந்தலில் பூவிதழும் நெல்லும் படிகின்றன. இன்று சடங்கின் நடுநாயகமாக விளங்கும் மாலைமாற்றல் அங்கே பேசப்படவில்லை.

மாலை கட்டும் கலையைத் தலைமுறைகளாகக் காத்தவை கோயில்களே எனலாம். கோயில் பூந்தோட்டமான நந்தவனத்தைப் பேணுவோருக்கும், இறைவனுக்குச் சாத்தும் மாலையாகிய திருப்பள்ளித்தாமம் தொடுப்போருக்கும் நிலம் விடப்பட்டதைச் சோழர் காலக் கல்வெட்டுகள் கூறுகின்றன. தென்மாவட்டங்களில் இத்தொழிலைச் செய்துவந்த பண்டாரம் வகுப்பினர் ஊர்த் திருமணங்களுக்கும் மாலை கட்டியதால், மணவீட்டார்க்குத் தேர்வு என்பது பெரிதாக இருக்கவில்லை.

கட்டுவோரின் உழைப்பு எளிதன்று. விடியுமுன் பறிக்கப்படும் மல்லிகை மொட்டு அன்று மாலையே விரியத் தொடங்குவதால், மறுநாள் அதிகாலை முகூர்த்தத்திற்கு நனைத்த வாழைநாரில் இரவெல்லாம் தொடுக்க வேண்டும். பனியால் மல்லிகை விளைச்சல் குன்றியிருக்கும் தை மாதத்திலேயே, மார்கழியில் தடைபட்ட திருமணங்கள் திரண்டு வருகின்றன. எனவே முன்கூட்டி விலை பேசிக்கொண்டவர், விலையேற்றத்தின் சுமையைத் தாமே ஏற்க நேர்கிறது. மணமாலையில் நீங்காத சம்பங்கியும் செண்டுமல்லியும்கூட மெக்சிகோவிலிருந்து கடல் கடந்து வந்தவை என்பதை நோக்கினால், இக்கலை புதியனவற்றை எவ்வளவு இயல்பாக ஏற்றது என்பது விளங்கும்.

அண்மைக் காலத்தில் நேர்ந்த மாற்றமோ வேறு வகையானது. நீரை உறிஞ்சி வைத்திருக்கும் பச்சை நுரைக்கட்டி 1954இல் அமெரிக்காவில் உருவாகிப் பின்னர் உலகெங்கும் பரவியது. அதில் காம்பைச் செருகினாலே போதும், நாரோ முடிச்சோ தேவையில்லை. மணமேடை அலங்காரம் முழுவதையும் ஒரே ஒப்பந்தத்தில் எடுப்போர் பெருகியதும், மாலை கட்டுவோர் பலர் அவர்களிடம் கூலிக்கு வேலை செய்பவராயினர். கலையின் பெருமையை இது குறைத்தது என்றே சொல்ல வேண்டும்.

புவிசார் குறியீடு என்னும் சட்டப் பாதுகாப்பு 2013இல் மதுரை மல்லிக்குக் கிடைத்தபோது அது பூவுக்கான சிறப்பாக இருந்தது. அரளியையும் நொச்சி இலையையும் மடித்து மணிகள் பதித்தாற்போல் கட்டப்படும், குமரி மாவட்டத்துத் தோவாளை மாணிக்கமாலை 2025இல் அதே குறியீட்டைப் பெற்றபோதுதான், கட்டும் கைக்கு உரிய மதிப்பு கிடைத்தது.