தலைக்கு மேலே ஒரு சுரையா

மார்கழி இரவுகளில் கடையை அடைத்து, இஷா தொழுகையையும் நிறைவேற்றிவிட்டுச் சைக்கிளில் வீடு திரும்புவோர் நம்மில் இன்றும் உண்டு. ஊர் எல்லை தாண்டித் தெருவிளக்குகள் பின்தங்கியதும் வானம் நெருங்கி வந்துவிடுகிறது. பத்து மணியளவில், உச்சிக்குச் சற்று வடக்கே மங்கலான ஒரு விண்மீன் கொத்து தெரியும். தமிழில் அது கார்த்திகை. அரபியர் அதற்கிட்ட பெயர் துரையா. நம் இல்லங்களில் பெண்மக்களுக்குச் சூட்டும் சுரையா என்னும் பெயர் இதுவே. பெயரைச் சூட்டிய நாம், அந்தக் கொத்தைப் பிள்ளைக்குக் காட்டியதுண்டா?

அதனருகே செந்நிறமாய் ஒளிரும் ரோகிணியை உலகம் அல்டெபரான் என்கிறது. துரையாவைப் பின்தொடர்ந்து உதிப்பதால், 'பின்தொடர்வது' என்னும் பொருளில் அரபியர் அதனை அத்தபரான் என்றனர். கிழக்கே திருவாதிரை, ஆங்கிலத்தில் பீட்டல்ஜூஸ். இதன் மூலப்பெயர் 'யத் அல்ஜவ்ஸா', அதாவது ஜவ்ஸாவின் கை. அரபியில் சொல்லின் முதலில் வரும் 'யா'வுக்குக் கீழே இரு புள்ளிகள், 'பா'வுக்கு ஒன்று. இடைக்கால ஐரோப்பியர் இவ்விரண்டையும் மயங்கிப் படித்ததால் 'ய' என்பது 'ப' ஆயிற்று. தென்கிழக்கில் யாவற்றினும் பேரொளியுடன் நிற்பது ஷிஃரா. திருக்குர்ஆனின் 53ஆம் அத்தியாயமான அந்நஜ்மு, 49ஆம் வசனத்தில் இதனைப் பெயர் சுட்டிக் கூறுகிறது.

இப்பெயர்கள் அழியாது நிலைக்கப் பெரிதும் உழைத்தவர் அப்துர் ரஹ்மான் அஸ்ஸூஃபி. கி.பி. 903இல், இன்றைய தெஹ்ரானை அடுத்த ரய் நகரில் பிறந்த இவர், புவைஹித் மன்னர் அளுதுத் தவ்லாவின் ஆதரவில் ஆய்வு செய்தார். ஏறத்தாழ 964இல் நிலைமீன்கள் பற்றிய தமது பெருநூலை எழுதி முடித்தார். கிரேக்க அறிஞர் தாலமி வகுத்த 48 விண்மீன் குழுக்களையும், பாலைவன அரபியர் வழிவழியாக வழங்கிய பெயர்களையும் அதில் இணைத்தார். ஒவ்வொரு குழுவையும் வானில் காண்பதுபோல் ஒன்றும், வானக் கோளத்தில் காண்பதுபோல் ஒன்றுமாக இருமுறை வரைந்து காட்டினார்.

முன்னோர் நூல்களையும் பிறர் செய்த கோளங்களையும் மட்டுமே நம்பி, வானத்தைப் பாராமலே எழுதியோரை அவர் குறை கூறினார். தாலமியின்மீது மதிப்பிருந்தும், விண்மீன்களின் ஒளியளவைத் தம் கண்ணால் கண்டே பதிவு செய்தார். ஆண்ட்ரோமெடா குழுவில் ஒரு 'சிறு முகில்' இருப்பதையும் குறித்துவைத்தார். தொலைநோக்கி தோன்றுவதற்கு ஆறு நூற்றாண்டுகளுக்கும் மேல் முந்திய குறிப்பு அது! அந்த முகில், ஏறத்தாழ 25 இலட்சம் ஒளியாண்டுத் தொலைவிலுள்ள தனியொரு விண்மீன் பேரடை என்பது இருபதாம் நூற்றாண்டில்தான் தெளிவாயிற்று.

முன்னோர் பெருமையை மேடைகளில் முழங்குகிறோம். அவர்கள் பார்த்த வானத்தை மட்டும் பார்க்க மறந்துவிட்டோம். பெருமை பேசுவது எளிது. அஸ்ஸூஃபியைப் போல் தாமே கண்டு தெளிவதன்றோ அவருக்கு நாம் செலுத்தும் நன்றி? அதற்குக் கருவி வேண்டா, செலவும் இல்லை.

இன்றிரவு வீடு திரும்புகையில் இருளான ஓரிடத்தில் சைக்கிளை ஓரமாக நிறுத்தி, சிறிது நேரம் அண்ணாந்து பார்ப்போம். வீடு சேர்ந்ததும், உறங்காதிருக்கும் பிள்ளைகளை முற்றத்திற்கு அழைத்து, "அதோ, அதுதான் சுரையா" என்று காட்டுவோம். இன்ஷா அல்லாஹ், அவர்கள் தம் பிள்ளைகளுக்குக் காட்டுவார்கள்.