பூட்டிய கதவு

ஊசியும் நூலும் தோன்றிய நாள்தொட்டு மனிதன் கையால் தைத்து வந்தான். 1846ஆம் ஆண்டில் எலியாஸ் ஹோவ் என்னும் அமெரிக்கர் தையற்பொறிக்குக் காப்புரிமை பெற்றார். 1851இல் ஐசக் சிங்கர் தம் பொறிக்குக் காப்புரிமை பெற்றார். விரல் நோக, விழி மங்க, விளக்கடியில் தைத்துக்கொண்டிருந்த பெண்ணுக்கு விடிவு பிறந்தது என்று பலரும் மகிழ்ந்தனர். அறிவு பொறியைப் படைத்தது, மறுப்பாரில்லை. ஆனால் அந்தப் பொறி எந்த அறையில் ஓடியது? அந்த அறையின் கதவு திறந்திருந்ததா, பூட்டியிருந்ததா? வரலாறு படிக்கும் நாம் இந்தக் கேள்வியையும் கேட்கக் கடமைப்பட்டுள்ளோம்.

1911ஆம் ஆண்டு மார்ச் 25, சனிக்கிழமை. நியூயார்க் நகரில் ஆஷ் கட்டடம் என்னும் பத்து மாடிக் கட்டடம். அதன் மேல் மூன்று தளங்களில் ட்ரையாங்கிள் என்ற தொழிலகம், பெண்கள் அணியும் மேற்சட்டைகளைத் தைத்து வந்தது. உரிமையாளர்கள் மாக்ஸ் பிளாங்க், ஐசக் ஹாரிஸ் என்னும் இருவர். அங்கு உழைத்தவர்களில் பெரும்பாலோர் பிழைப்புத் தேடிக் கடல் கடந்து வந்த யூத, இத்தாலிய இளம்பெண்கள். பதினான்கு வயதுச் சிறுமியரும் அவர்களில் இருந்தனர்.

தொழிற்கூடம் எப்படி இருந்தது? எட்டாம் தளத்தில் நீண்ட வெட்டும் மேசைகள். மெல்லிய பருத்தித் துணியை அடுக்கடுக்காய் விரித்துக் கத்தியால் அறுப்பார்கள். உடைக்கு உதவாத துண்டுகள் மேசைக்கு அடியிலிருந்த பெட்டிகளில் விழும். அவற்றை நாள்தோறும் அகற்றவில்லை. கந்தல் வணிகர் ஆண்டுக்குச் சில முறை வந்து அள்ளிச் செல்வார். கடைசியாக அள்ளியது சனவரியில். இரண்டு திங்களுக்கு மேலாகச் சேர்ந்த துண்டுகள் பெட்டிகளில் கிடந்தன. தலைக்கு மேலே கம்பிகளில் தாள் மாதிரிகள் தொங்கின. ஒன்பதாம் தளத்தில் இருநூற்றுக்கு மேற்பட்ட தையற்பொறிகள், நீண்ட மேசைகளில் நெருங்கி நின்றன. பொறிகளிலிருந்து எண்ணெய் சொட்டியது.

கட்டியாய் அழுத்தி வைத்த துணி மெல்லத்தான் எரியும். உதிரியாய்க் கிடக்கும் மெல்லிய பருத்தித் துண்டுகளிலோ ஒவ்வோர் இழைக்கும் இடையே காற்று நிற்கும். ஒரு பொறி போதும். கண் இமைக்கும் நேரத்தில் பெட்டி முழுவதும் பற்றிக்கொள்ளும்.

அன்று மாலை, வேலை முடியும் வேளையில், அந்தப் பொறி விழுந்தது. புகைபிடிக்கத் தடை இருந்தும், யாரோ எறிந்த தீக்குச்சியோ சிகரெட்டோ பெட்டியில் விழுந்திருக்கும் என்றே விசாரித்தவர்கள் கருதினர். வாளி நீரை ஊற்றினர், பயனில்லை. நீர்க்குழாயைத் திருப்பினர், நீர் வரவில்லை. எட்டாம் தளத்திலிருந்து பத்தாம் தளத்துக்குத் தொலைபேசியில் செய்தி சென்றது. அங்கிருந்தவர்கள் கூரை வழியாக அடுத்த கட்டடத்துக்கு ஏறித் தப்பினர், உரிமையாளர்களும் தப்பினர். ஒன்பதாம் தளத்துக்குச் செய்தி சொல்வார் இல்லை. தீயே நேரில் வந்து சொல்லிற்று!

ஒன்பதாம் தளத்தில் இரண்டு படிக்கட்டுகள் உண்டு. ஒன்றைத் தீ மறித்தது. மற்றொன்றுக்கு ஓடினர்; அதன் கதவு பூட்டியிருந்தது. வெளிப்புற இரும்பு ஏணி, ஏறியவர்களின் சுமை தாங்காமல் முறிந்து விழுந்தது. மின்தூக்கியை ஓட்டியவர்கள் முடிந்தவரை ஏறி இறங்கிப் பலரைக் காத்தனர். பிறகு அதுவும் நின்றது. தீயணைப்புப் படை விரைந்து வந்தது. ஏணியின் உயரமோ ஆறாம் தளத்தோடு முடிந்தது. ஐம்பதுக்கும் மேற்பட்டோர் சன்னல் வழியே குதித்து மடிந்தனர். அரை மணி நேரத்துக்குள் 146 உயிர்கள் அழிந்தன. அவர்களில் 123 பேர் பெண்கள். கட்டடமோ நின்றது, இன்றும் நிற்கிறது. தீப்பிடிக்காத கட்டடம் என்று பெயர் பெற்றிருந்ததல்லவா? கல்லும் இரும்பும் பிழைத்தன, கன்னியர் பிழைக்கவில்லை.

கதவை ஏன் பூட்டினார்கள்? வேலை முடிந்து செல்லும் பெண்கள் துணியைத் திருடிச் செல்லாதபடி, ஒரே வாயிலில் நிறுத்திக் கைப்பையைத் திறந்து பார்ப்பது வழக்கம். அதற்காக மற்ற வாயிலை அடைத்தார்கள். அப்படி எவ்வளவு திருட்டுப் போயிற்று என்று வழக்குமன்றத்தில் ஹாரிசைக் கேட்டனர். இருபத்தைந்து டாலருக்கு மேல் இராது என்று அவரே ஒப்புக்கொண்டார். இருபத்தைந்து டாலர்! அதைக் காக்கத்தான் அந்தப் பூட்டு!

1911 டிசம்பரில் உரிமையாளர் இருவரும் குற்றமற்றவர்கள் எனத் தீர்ப்பாயிற்று. கதவு பூட்டியிருந்தது அந்த நேரத்தில் அவர்களுக்குத் தெரியும் என்பது நிறுவப்படவில்லையாம். 1914இல் உரிமை வழக்குகள் சமரசமாயின. ஓர் உயிருக்கு 75 டாலர். இடையில் 1913இல், வேறோர் இடத்தில், வேலை நேரத்தில் கதவைப் பூட்டி வைத்ததற்காகப் பிளாங்க் மீண்டும் பிடிபட்டார். தண்டம் 20 டாலர்.

இதனை ‘விதி’ என்று சொல்லி விம்முவோர் உண்டு. ‘தொழிலாளியின் கவனக்குறைவு’ என்று சொல்லிக் கைகழுவுவோரும் உண்டு. இருசாராரும் ஒரே வேலையைத்தான் செய்கிறார்கள்: காரணத்தைக் கண்ணிலிருந்து மறைக்கிறார்கள். ஒரு கை தவறியது, உண்மை. அது தவறே. ஆனால் ஒரு கை தவறினால் 146 பேர் சாகும்படி அந்த அறையை ஆக்கி வைத்தது யார்? கழிவை அகற்றாதது யார்? குழாயைச் சோதிக்காதது யார்? பூட்டின் சாவி யாரிடம் இருந்தது?

முன்னரே எச்சரிக்கை எழாமல் இல்லை. 1909 நவம்பரில் கிளாரா லெம்லிக் என்னும் இளம் தையல் தொழிலாளி கூட்டத்தில் எழுந்து, பேசியது போதும், வேலைநிறுத்தம் தொடங்குவோம் என்று முழங்கினார். இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் பொறியை நிறுத்தி வீதிக்கு வந்தனர். பல தொழிலகங்கள் சங்கத்தை ஏற்றன, ட்ரையாங்கிள் ஏற்கவில்லை.

தீக்குப் பின் மக்கள் மழையில் நனைந்தபடி ஊர்வலம் சென்றனர். நியூயார்க் மாநிலம் 1911இலேயே தொழிலக விசாரணைக் குழுவை அமைத்தது. ராபர்ட் வாக்னரும் ஆல் ஸ்மித்தும் அதை நடத்தினர். அடுத்த சில ஆண்டுகளில் முப்பதுக்கும் மேற்பட்ட சட்டங்கள் பிறந்தன. வேலை நேரத்தில் கதவைப் பூட்டக்கூடாது, தீயிலிருந்து வெளியேறும் பயிற்சி வேண்டும், உயர்ந்த கட்டடங்களில் தானே நீர் தெளிக்கும் குழாய்கள் வேண்டும், கழிவைத் தேங்கவிடக்கூடாது. தீயை நேரில் கண்டு துடித்த பிரான்சிஸ் பெர்க்கின்ஸ் அம்மையார், குழுவின் ஆய்வுப் பணியில் உழைத்தார். 1933இல் அவர் நாட்டின் தொழிலாளர் துறை அமைச்சரானார். அமெரிக்க அமைச்சரவையில் இடம்பெற்ற முதல் பெண்மணி அவரே.

பழங்கதை என்று ஒதுக்கலாமா? 2012 செப்டம்பரில் கராச்சியில் ஓர் ஆடைத் தொழிலகம் எரிந்து 250க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அங்கும் வெளியேறும் வழிகள் அடைபட்டிருந்தன. அதே ஆண்டு நவம்பரில் டாக்கா அருகே மற்றொன்று எரிந்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். நூறாண்டுக்குப் பிறகும் அதே துணி, அதே பெண்கள், அதே கதவு!

தோழர்களே! வகுப்பறையில் நாம் மன்னர்களின் போர்களுக்கு ஆண்டு கேட்கிறோம். மார்ச் 25ஐ யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டும். தையல் கற்கும் பெண்ணுக்கு ஊசியருகே விரல் வைக்காதே, கத்தரிக்கோலைக் கூர்முனை நீட்டிக் கொடுக்காதே, நூல் கோக்கும்போது மிதியிலிருந்து காலை எடு என்று சொல்லித் தருகிறோம். நல்ல பாடம், அது அவள் கையைக் காக்கும். அதோடு இன்னொரு பாடத்தையும் சேர்ப்போம். துண்டுத் துணியை அன்றன்றே அகற்றச் செய். தீயணைக்கும் கருவி வேலை செய்கிறதா என்று கேள். வேலையில் சேரும் முதல் நாளிலேயே கதவைத் தள்ளிப் பார். அது திறக்கவில்லையென்றால் தனியே அஞ்சி அமர்ந்துவிடாதே. தோழியரைக் கூட்டு, சங்கத்தில் சொல், திறக்கும்வரை கேள்.

கேட்பது அவள் உரிமை. கேட்கக் கற்றுக் கொடுப்பது நம் கடமை.