ரொறன்ரோவின் சீன நகர்கள்: இடம்பெயர்ந்த கடைத்தெருக்களின் கணக்கு

ஸ்காபறோவில் வாழும் எங்களுக்குச் சீனக் கடைகள் புதியவை அல்ல. மீனும் மரக்கறியும் வாங்க அங்கேதான் போகிறோம். ஆனால் அந்தக் கடைத்தெருக்களும் எங்களைப் போலவே பல தடவை இடம்பெயர்ந்தவை.

1878இல் சாம் சிங் என்பவர் அடிலெய்ட் வீதியில் சலவைக்கடை நடத்தினார். ரொறன்ரோவின் பதிவுகளில் காணப்படும் முதல் சீனர் அவர். 1885இல் கனடா சீனக் குடிவரவாளர்மீது 50 டொலர் தலைவரி விதித்தது. 1903இல் அது 500 டொலரானது. 1923 முதல் 1947 வரை அவர்களின் வருகையே ஏறக்குறைய முற்றாகத் தடுக்கப்பட்டது. மனைவி, பிள்ளைகளை அழைக்க முடியாமல் ஆண்கள் தனித்து வாழ்ந்தார்கள். அந்தப் பிரிவின் வலியை எங்களுக்கு எவரும் விளக்கத் தேவையில்லை. 2006இல்தான் கனடிய அரசு மன்னிப்புக் கேட்டது.

முதலாவது சீன நகர் எலிசபெத் வீதியில் இருந்தது. 1950களில் அதன் பெரும்பகுதியை மாநகரசபை சுவீகரித்து இடித்தது. 1965இல் திறக்கப்பட்ட நகர மண்டபமும் அதன் முன்றலும் இன்று அங்கே நிற்கின்றன. எஞ்சிய பகுதியைக் காக்க ஜீன் லம் போன்றோர் போராடினார்கள். வணிகர்கள் பலர் மேற்கே, முன்பு யூதர்கள் செறிந்திருந்த ஸ்பாடினாவுக்கு நகர்ந்தார்கள். பின்னர் ஜெராட்–புறோட்வியூ சந்தியில் கிழக்குச் சீன நகர் உருவானது.

1984இல் அஜின்கோர்ட்டில் டிராகன் சென்டர் திறந்தபோது, வாகன நெரிசல் என்ற முறைப்பாட்டோடு இனவெறுப்பும் சேர்ந்து வந்தது. 1997இல் மார்க்கத்தில் பசிபிக் மால் திறந்தது. அங்கே கடைகள் கொண்டோமினியம் முறையில் தனித்தனி உறுதியோடு விற்கப்பட்டன.

கணக்காளர் கண்ணுக்கு முக்கியமானது இந்தக் கடைசி மாற்றம்தான். ஒன்ராறியோவில் வணிக வாடகைக்கு உச்சவரம்பு இல்லை. தெருவின் பெயர் வளர நிலத்தின் விலையும் வளரும். அந்த இலாபம் உறுதி வைத்திருப்பவருக்கே போகும். தெருவை வளர்த்த வாடகைக் கடைக்காரருக்கு அடுத்த ஒப்பந்தத்தில் கூடிய வாடகைதான் கிடைக்கும். சொந்த நிலத்தையும் அரசு சுவீகரிக்கலாம் என்பதற்கு எலிசபெத் வீதியே சாட்சி. ஆனாலும் உரிமையாளருக்கு நட்டஈடு கேட்கும் உரிமை சட்டத்தில் உண்டு.

எங்கள் கடைக்காரர்கள் குத்தகையில் கையொப்பமிட முன்னர் மூன்றைப் பார்க்கவேண்டும்: புதுப்பிக்கும் உரிமை, கூடும் வாடகையைக் கணிக்கும் முறை, கட்டடத்தை இடிப்பதானால் வெளியேற்றும் பிரிவு. முடிந்தால் நாலு குடும்பங்கள் சேர்ந்தாவது கட்டடத்தை வாங்கலாம். பெயர்ப்பலகை எங்கள் மொழியில் இருந்தால் மட்டும் தெரு எங்களுடையதாகிவிடாது.