மணி வினையும் மனைத்தொழிலும்

கண்டி - யாழ்ப்பாணம் நெடுஞ்சாலையில் அமைந்த புளியங்குளத்தை வன்னி வழியே செல்வோர் யாவரும் அறிவர். அதே வவுனியா மாவட்டத்தில் பெரிய புளியங்குளம் எனப் பிறிதோர் இடமும் உண்டு. அங்குள்ள கற்குகைகளிற் காணப்படும் பிராமிச் சாசனங்களைப் பேராசிரியர் செனரத் பரணவிதான 1970இல் வெளியிட்ட சாசனத் தொகுதியிற் சேர்த்துள்ளார். அவற்றுள் விசாகன் என்பானைத் ‘தமெட வணிஜ ககபதி’ எனக் குறிப்பவை நம் கவனத்துக்குரியன. கிறித்துவுக்கு முற்பட்ட காலத்து அவ்வாசகம், அவன் தமிழன், வணிகன், இல்லத் தலைவன் என மூன்று செய்திகளைக் கூறுகின்றது.

வணிகமும் இல்லத் தலைமையும் ஒருவனிடத்தே பொருந்தியிருந்தமை சிந்திக்கத்தக்கது. பண்டைப் பொருளியலில் வீடே தொழிற்சாலையாகவும் பண்டசாலையாகவும் விளங்கியது. இவ்வுண்மையை நன்கு காட்டும் தொழில்களுள் மணித்தொழிலும் ஒன்று. ஈழத்து முற்காலப் பிராமிச் சாசனங்களில் ‘மணிகார’ என்னும் தொழிற்பெயர் வருதலால், மணியைச் செப்பஞ்செய்வோர் தனித் தொழிலினராக அன்றே அறியப்பட்டிருந்தனர் எனலாம்.

அத்தொழில் நடந்தவாற்றைத் தெளிவாகக் காண நாம் கடல் கடந்து கொங்குநாட்டுக் கொடுமணலுக்குச் செல்லவேண்டும். பதிற்றுப்பத்து கொடுமணம் எனப் போற்றும் ஊர் இதுவே என்பர். இங்கு 1985 முதல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் அகழாய்வு நடாத்தியது. நீலம், பச்சை, பளிங்கு, சூதுபவளம் முதலிய கற்கள் மூலப்பொருளாகவும், அரைகுறையாகத் தீட்டப்பட்டனவாகவும், முற்றுப்பெற்ற மணிகளாகவும், கழிக்கப்பட்ட சிதறல்களாகவும் அங்கே கிடைத்தன. மக்கள் வாழ்ந்த பகுதியிலேயே இவை கிடைத்தமை, குடியிருப்பும் தொழிற்கூடமும் அடுத்தடுத்து இருந்தமையைப் புலப்படுத்தும்.

இலங்கையின் மணிகளோ பெரும்பாலும் இரத்தினபுரி முதலிய தென்பகுதிகளில், ‘இல்லம்’ எனச் சிங்களத்தில் வழங்கும் பரற்படைகளிலிருந்து பெறப்படுவன. குழியிலிருந்து எடுத்த பரலைக் கூடையிலிட்டு நீரில் அரித்தபின், எஞ்சிய கற்கள் வீடுகளுக்கும் வணிகரிடத்தும் செல்லும். அங்கே களிமண் கழுவப்படும். இரும்புக் கறை அமிலத்தால் நீக்கப்படும். பின்னர் கல்லை ஒளிக்கெதிரே பிடித்து வெடிப்பும் களங்கமும் ஆராய்வர். நீலக்கல்லின் நிறம் எத்திசையில் ஆழ்ந்து தோன்றும் என நிச்சயித்த பின்னரே வில்லாற் சுழலும் சக்கரத்தில் தீட்டுவர். குருந்தம் வைரத்துக்கு அடுத்த வன்மையுடையது. எனவே குருந்தப் பொடியே அதனைத் தேய்க்கப் பயன்பட்டது. தீட்டுகையில் பெரும்பாலும் பாதிக்கு மேற்பட்ட எடை குறைந்துபோம். எதனைக் கழிப்பது என அறிதலே இக்கலையின் உயிர். சிலப்பதிகாரத்து ஊர்காண் காதை மதுரை மணிக்கடை வீதியை வருணிக்குமிடத்துக் கற்களின் குற்றங்களை விரித்துரைப்பதும் இவ்வறிவின் பழமைக்குச் சான்றாகும்.

இவற்றினும் நுட்பமானது தீயின் பயன்பாடு. 13ஆம் நூற்றாண்டு அறபு நூலாசிரியர் அல்-திபாஷி, மாணிக்கங்களைத் தீயிலிட்டு நிறந்திருத்தும் இலங்கை வழக்கத்தைக் குறித்துள்ளார். ஊதுகுழலும் கரியடுப்புங் கொண்டு மாணிக்கத்தின் நீலச்சாயலைப் போக்கும் முறை இத்தீவில் இருபதாம் நூற்றாண்டிலும் வழங்கியது. காற்றோடு கூடிய வெப்பம் கல்லினுள் இருக்கும் இரும்பின் நிலையை மாற்றுதலால் நீலச்சாயல் மறைகின்றது என இன்றைய இரசாயனம் விளக்கும். தொழிலாளர் இக்காரணத்தை அறிந்திலராயினும் பயனை அறிந்திருந்தனர்.

எனினும், இத்தகு மரபுடைய நாடே 1970களில் பேரிழப்பொன்றைக் கண்டது. ‘கெவுட’ எனப்படும் பால்நிறக் குருந்தம் இங்கு மதிப்பற்றதாக ஒதுக்கப்பட்டிருந்தது. அதனைத் தாய்லாந்து வணிகர் மலிவாக வாங்கிச் சென்றனர். ஏறத்தாழ 1600 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்தில், ஒட்சிசன் குறைந்த உலையில் இட்டபோது, கல்லினுள் இழையாய்க் கிடந்த தைத்தேனியச் சேர்வை கரைந்து இரும்புடன் கூட, அது உயரிய நீலக்கல்லாக மாறியது. 1971இல் அரச இரத்தினக்கல் கூட்டுத்தாபனம் இங்கு நிறுவப்பட்டிருந்தும் இவ்விழப்பு நேர்ந்தது. இந்நாட்டிலும் உலைகள் பின்னரே அமைந்தன. 1993இல் இரத்தினக்கல், ஆபரணத் தொழிலுக்கெனத் தேசிய அதிகாரசபையும் சட்டத்தால் அமைக்கப்பட்டது.

இவ்வரலாறு உணர்த்துவது யாது? கல் மண்ணிற் பிறக்கின்றது. அதன் விலையோ, அதனைச் செப்பஞ்செய்யும் கையிலும் அறிவிலும் பிறக்கின்றது. ஊதுகுழல் அடுப்பின் வெப்பம் கெவுடக் கல்லுக்குப் போதாது. ஆனால் ‘தீயாற் கல் திருந்தும்’ என்னும் அடிப்படை உண்மை நம் தொழிலாளரிடம் நூற்றாண்டுகளாக இருந்தது. அவ்வுண்மையை ஆய்வுகூடத்துக்கு எடுத்துச் சென்று வளர்ப்பார் இல்லாமையாற் பயன் பிறரைச் சார்ந்தது. தொழிலறிவும் நூலறிவும் தனித்தனியே நின்றமையின் விலை அது.

ஆகவே, மனைகளில் நடந்த மணிவினையை வெறுங் கைத்தொழிலெனத் தள்ளிவிடல் தகாது. மன்னரின் முடிமணிகளைப் பாடும் வரலாறு, அவற்றைக் கழுவிக் காய்ச்சித் தீட்டியவர்களையும் பேசவேண்டும். பெரிய புளியங்குளக் குகையில் ஒரு வணிகன் தன் பெயரைப் பொறித்துச் சென்றான். பெயர் பொறியாது மறைந்த கைவினைஞரின் அறிவைத் தொகுத்தெழுதுதல் இன்றைய பல்கலைக்கழக மாணவர் முன்னுள்ள பணியாகும்.