பேரன் என்ற சொல்லும் நாளைய பெயர்களும்



சில ஆண்டுகளுக்கு முன்பு, மூன்றாம் ஆண்டு மாணவர்களைக் குடும்ப மரம் வரைந்து வரச் சொன்னேன். பெற்றோர், தாத்தா, பாட்டி ஆகியோரின் பெயர்களைத் தமிழில் எழுதிவர வேண்டும். ஒரு மாணவி பாட்டிக்குரிய கட்டத்தை மட்டும் வெறுமையாக விட்டிருந்தாள். காரணம் கேட்டபோது, "பாட்டி பேரச் சொன்னா எல்லாரும் சிரிப்பாங்க டீச்சர்" என்றாள். பிறகு என் காதருகே வந்து அப்பெயரைச் சொன்னாள். கருப்பாயி.

அன்று மாலை பள்ளியின் பழைய சேர்க்கைப் பதிவேடுகளை எடுத்துப் புரட்டினேன். நம் மக்களின் ஒரு நூற்றாண்டு வரலாறு அவற்றில் பெயர்களாக வரிசையில் நின்றது. நாளை நம் குழந்தைகளுக்கு எத்தகைய பெயர்கள் வரும் என்பதையும் அந்த வரிசையைக் கொண்டு ஓரளவு கணிக்கலாம் எனத் தோன்றியது.

தோட்டத்துப் பெயர்கள்

மலாயாவில் ஒப்பந்தக் கூலி முறை 1910இல் முடிவுக்கு வந்தது. கங்காணி முறையில் ஆள் சேர்ப்பது 1938 வரை தொடர்ந்தது. அக்காலத்தில் கப்பலேறி வந்தவர்கள் தங்கள் ஊர்த் தெய்வங்களைப் பெயர்களிலும் சுமந்து வந்தனர். முனியாண்டி, மாரியாயி, காத்தாயி, வீராயி, கருப்பன், கருப்பாயி என்பன அவ்வாறு வந்தவை. முன்பிறந்த பிள்ளைகளை இழந்த தாய், அடுத்த பிள்ளையைக் குப்பையில் கிடத்தி எடுத்துக் குப்பன் என்றோ குப்பாயி என்றோ பெயரிட்டாள். இழிந்த பெயருடைய பிள்ளையைக் கூற்றுவன் நாடமாட்டான் என்பது அவள் நம்பிக்கை. பிச்சை, பிச்சம்மாள் ஆகிய பெயர்களும் இவ்வகையினவே. இன்று நம் பிள்ளைகள் சிரிக்கும் பெயர்களில் பல, ஒரு தாயின் அச்சத்தாலும் அன்பாலும் பிறந்தவை.

தோட்ட அலுவலகத்துக் கிராணி இப்பெயர்களைத் தம் காதில் விழுந்தவாறு ரோமன் எழுத்தில் செக்ரோலில் எழுதினார். ஒரே பெயர் தோட்டத்துக்குத் தோட்டம் வெவ்வேறு எழுத்துக்கூட்டலைப் பெற்றது.

கொள்கை தந்த பெயர்கள்

1916இல் தனித்தமிழ் இயக்கம் தோன்றியது. வேதாசலம் என்பார் மறைமலை அடிகள் ஆனார். பின்னாளில் திராவிட இயக்கத்தில் நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனார்; இராமையா அன்பழகன் ஆனார். பெரியார் 1929இலும் 1954இலும் இம்மண்ணுக்கு வருகை தந்தார். சிங்கப்பூரில் 1935இல் தமிழ் முரசு தோன்றியது. அதனை நடத்திய கோ. சாரங்கபாணி 1952இல் தமிழர் திருநாளைத் தொடங்கிவைத்தார். தோட்டந்தோறும் படிப்பகங்களும் மேடைகளும் எழுந்தன.

அதன் பயனைப் பதிவேட்டில் கண்டேன். மாரியாயியின் மகள் தமிழ்ச்செல்வி. முனியாண்டியின் மகன் இளங்கோ. கலைச்செல்வி, பூங்கொடி, மணிமாறன், அன்பழகன் என வகுப்பறைகள் நிறைந்தன. பெயரின் ஒலியைக் கொண்டு சாதியையோ ஏழ்மையையோ இனங்காண இயலாத நிலையை அத்தலைமுறை விரும்பியது.

எழுத்து தந்த பெயர்கள்

அடுத்த தலைமுறை தோட்டத்தை விட்டு நகரத்துக்குக் குடிபெயர்ந்தது. திரைப்படமும் எண்கணிதமும் நட்சத்திர எழுத்தும் பெயரிடுதலை ஆளத் தொடங்கின. தமிழ்ச்செல்வியின் மகன் தினேஷ், மகள் தர்ஷினி.

இம்மாற்றத்திற்கு நாம் அதிகம் எண்ணிப் பாராத காரணம் ஒன்று உண்டு. பூர நட்சத்திரத்தில் பிறந்த குழந்தைக்கு மோ, டா, டி, டூ என்ற எழுத்துகளில் ஒன்று முதலெழுத்தாக வரவேண்டும் என்பர். தமிழ் இலக்கணப்படி டகரம் சொல்லுக்கு முதலில் வாராது. அந்த எழுத்தில்தான் பெயர் வேண்டும் எனப் பெற்றோர் தேடும்போது தமிழ்ப்பெயர் அகப்படுவதில்லை. தமிழ்மேல் அவர்களுக்கு வெறுப்பு இல்லை. அவர்கள் கையில் உள்ள அட்டவணை வேறு மொழியின் ஒலிகளுக்காக அமைந்தது.

பெயர்கள் எவ்வாறு மாறுகின்றன?

அமெரிக்கச் சமூகவியலாளர் ஸ்டான்லி லீபர்சன் 2000ஆம் ஆண்டில் பெயர்களின் போக்கு குறித்து ஒரு நூல் வெளியிட்டார். நடிகர்களோ பெரும் நிகழ்ச்சிகளோ பெயர்களை மாற்றுவதாக நாம் எண்ணுகிறோம். உண்மையில் மக்களின் சுவை தனக்குரிய வேகத்தில் தானே நகர்கிறது என்பது அவர் கருத்து. புகழ்பெற்ற ஒருவரின் பெயர் பரவவேண்டுமானால், அதன் ஒலி ஏற்கெனவே மக்களின் காதுக்குப் பழகியிருக்க வேண்டும். நம் பதிவேடும் இதனையே சொல்கிறது. தனிப்பெயர்கள் வரும், போகும். ஆயி, செல்வி, ஈஸ்வரி, ஷினி போன்ற ஈறுகளோ ஒரு தலைமுறை முழுவதும் நிலைத்திருக்கின்றன.

மற்றொன்று, பழைய பெயர்கள் திரும்பி வருதல். அமெரிக்காவில் 1880இல் எம்மா என்பது பெண்குழந்தைகளின் பெயர்களுள் மூன்றாம் இடத்தில் இருந்தது. 1970களில் நானூறாம் இடத்துக்கும் கீழே சென்றது. 2008இல் முதலிடத்தைப் பெற்றது. பெற்றோரின் பெயர்கள் பழையனவாகத் தோன்றும். பாட்டியின் பெயரும் முதுமையை நினைவூட்டும். அதற்கும் முந்தைய தலைமுறையின் பெயர்களோ மீண்டும் புதுமையாக ஒலிக்கும்.

இதனை அறிய நாம் அயல்நாட்டுக்குச் செல்ல வேண்டியதில்லை. 'பேரன்' என்ற சொல் 'பெயரன்' என்பதன் மரூஉ. பாட்டன் பெயரைத் தாங்குபவன் என்பது அதன் பொருள். சோழ மன்னர்கள் இராசகேசரி, பரகேசரி என்ற பட்டங்களையும், பாண்டியர் மாறவர்மன், சடையவர்மன் என்ற பட்டங்களையும் மாறி மாறிச் சூடினர். மகன் தந்தையினின்று வேறுபடுவான். பேரன் பாட்டனிடம் திரும்புவான். பெயர்களின் சுழற்சியை நம் முன்னோர் வழக்கமாகவே வைத்திருந்தனர். நாம்தாம் அதனை அறுத்துவிட்டோம்.

நாளை என்னவாகும்?

என் கணிப்பைத் துணிந்து சொல்கிறேன். நீண்ட பெயர்கள் குறையும். இரண்டு மூன்று அசைகளில் அமைந்து, எம்மொழியினரும் எளிதில் சொல்லக்கூடிய பெயர்கள் பெருகும். யாழினி, நிலா, இனியா, கவின், ஆதிரை போன்ற பெயர்களை இப்போதே கேட்கிறோம். ஷகர ஒலி மெல்லத் தளரும். ஏனெனில் இன்றைய பிள்ளைகள் பெற்றோராகும்போது அது அவர்களுடைய பெற்றோரின் ஒலியாகிவிடும். அவர்களுக்குப் பின் வரும் தலைமுறையில் தமிழ்ச்செல்வியும் இளங்கோவும் திரும்புவர். வள்ளி, பொன்னி, வேலன் போன்ற சிறு பெயர்கள் அதற்கு முன்பே வரக்கூடும்.

கருப்பாயி திரும்புவாளா? அதனைச் சுவை மட்டும் முடிவு செய்வதில்லை. வெட்கமும் முடிவு செய்கிறது. 2006இல் நம் தேசியப் பதிவுத் துறை, குழந்தைகளுக்குப் பொருந்தாத பெயர்களின் வகைகளை வெளியிட்டது. விலங்கு, பழம், காய்கறி ஆகியவற்றோடு நிறமும் அவற்றுள் இடம்பெற்றது. பிள்ளைகள் கேலிக்கு ஆளாகக்கூடாது என்பது அதன் நோக்கம், நல்ல நோக்கமே. ஆயினும் பிறர் கண்ணுக்கு நிறமாகத் தெரியும் 'கருப்பு' நமக்கு ஊர் எல்லையைக் காக்கும் தெய்வம். இதனை நம் பிள்ளைகளுக்கு நாம் சொல்லாவிடில் வேறு எவர் சொல்வார்?

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். இன்றைய பிறப்புச் சான்றிதழில் பெயர் ரோமன் எழுத்தில் மட்டுமே உள்ளது. பெரும்பாலான பிள்ளைகளின் பெயருக்குத் தமிழ் வடிவம் தருபவர் முதலாம் ஆண்டு ஆசிரியரே. ஊகித்து எழுதாமல் பெற்றோரிடம் பொருள் கேட்டு எழுதுங்கள். பெற்றோருக்கும் ஒன்று: பெயரைப் பதிவு செய்யுமுன் தமிழில் ஒருமுறை எழுதிப் பாருங்கள். தாத்தா, பாட்டி பெயர்களின் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். அப்பெயரையே சூட்ட வேண்டும் என்பதில்லை; அறிந்திருந்தால் போதும்.

மறுநாள் வகுப்பில் கருப்பர், மாரி, குப்பாயி ஆகிய பெயர்களின் கதைகளைச் சொன்னேன். தொடக்கத்தில் இருவர் சிரித்தனர். பின்வரிசையில் இருந்த ஒரு மாணவன் எழுந்து, "எங்க பாட்டி பேரும் குப்பாயிதான் டீச்சர்" என்றான். அதன்பின் சிரிப்பொலி எழவில்லை. அம்மாணவி தன் தாளை வாங்கிச் சென்று வெறுமையாக இருந்த கட்டத்தை நிரப்பினாள்.