பலகை மாறிய கட்டடங்கள்

இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம்ஷயரில் சவுத்வெல் என்றொரு சிற்றூர். 1824-இல் ஜான் பீச்சர் என்ற பாதிரியார் முன்நின்று அங்கே ஒரு பெரிய செங்கல் கட்டடத்தை எழுப்பினார். சுற்றுக் கிராமத்து ஏழைகள் 158 பேர் தங்கலாம். பெயர் ஒர்க்ஹவுஸ். வேறு வழியே இல்லாதவன் மட்டும் வரட்டும் என்பதுதான் திட்டம். அதனால் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், பிள்ளைகள் இன்னொரு பக்கம். 1834-இன் ஏழைகள் சட்டம் நாடு முழுவதும் இதையே வழக்கமாக்கியது.

சோம்பேறிகளை மிரட்டக் கட்டிய இடத்தில், போகப்போக, போக்கிடமற்ற கிழவர்களும் கிழவிகளும்தான் மிஞ்சினார்கள். சலுகைகள் சொட்டுச் சொட்டாக வந்தன. அறுபது தாண்டிய தம்பதியைப் பிரித்து வைக்கக் கூடாது என்று 1847-இல் ஒரு சட்டம். (கட்டியவளோடு ஒரே அறையில் படுக்க நாடாளுமன்றம் கூட வேண்டியிருந்தது!) 1909 ஜனவரி முதல், எழுபது வயதான ஏழைகளுக்கு வாரம் ஐந்து ஷில்லிங் வரை ஓய்வூதியம். கையில் காசிருந்தால் அந்த வாசலை மிதிக்காமல் தப்பலாம்.

1948-இல் ஏழைகள் சட்டம் ஒழிந்தது. வசதியானவர்கள் ஓட்டலில் தங்குவதுபோல, முதியோர் வாடகை கொடுத்துக் கௌரவமாகத் தங்கும் இல்லங்கள் வரும் என்றார் அமைச்சர் அனைரின் பெவன். சொன்ன அளவுக்குப் புதுக் கட்டடங்கள் எழவில்லை. பத்தாண்டு கழித்து சமூகவியலாளர் பீட்டர் டவுன்சென்ட் 173 இல்லங்களுக்கு நேரில் போய்ப் பார்த்தார். உள்ளாட்சி கவுன்சில்கள் நடத்திய இடங்களில் ஏறக்குறைய பாதி, பழைய ஒர்க்ஹவுஸ் சுவர்களுக்குள்ளேயே இருந்தது. பெயர்ப்பலகைதான் புதிது. 1962-இல் வெளிவந்த அவருடைய ‘தி லாஸ்ட் ரெஃப்யூஜ்’ நாட்டையே கூசவைத்தது. சவுத்வெல் கட்டடத்தை 1997-இல் பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் வாங்கியது. இன்று டிக்கெட் எடுத்துப் பார்க்கலாம்.

1980-களில் வசதியற்றவர்களின் தனியார் இல்லக் கட்டணத்தை அரசின் சமூகப் பாதுகாப்பு நிதி ஏற்றது. தனியார் இல்லங்கள் புற்றீசலாகப் பெருகின. தனி அறை கிடைத்தது உண்மையான முன்னேற்றம்தான். ஆனால் இம்முறை கோளாறு கட்டடக் குத்தகைப் பத்திரத்தில் இருந்தது. சதர்ன் கிராஸ் என்ற பெரிய நிறுவனம் தன் இல்லங்களை வாடகைக் கட்டடங்களில் நடத்தியது. வாடகை ஆண்டுதோறும் ஏறியது. கவுன்சில்கள் அனுப்பும் முதியோர் குறைந்தார்கள். 2011-இல் நிறுவனம் நொடித்தது. அங்கிருந்த சுமார் 31,000 முதியோரும் இல்லங்களோடு சேர்த்து வேறு நிறுவனங்களுக்குக் கைமாறினார்கள்.

பெற்றோருக்கு இல்லம் தேடுபவர்கள் அறையையும் சாப்பாட்டையும் மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். கட்டடம் யாருடையது, குத்தகை இன்னும் எத்தனை ஆண்டு என்றும் கேளுங்கள்.