கியர் மாற்றிய கைகள்

1990களில் பொருளாதாரத் தடையால் வன்னியிற் பெற்றோல் கிடைத்தற்கரியதாயிற்று. பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார்களைச் சில துளி பெற்றோலால் உயிர்ப்பித்து, மண்ணெண்ணெயில் ஓட்டினர் நம்மவர். எந்திரத்தின் திணறலைச் செவியால் அறிந்து, கிளச்சை மிதித்துக் கியரைக் கையால் மாற்றினர். அதுவும் ஒரு கலையே.

அமெரிக்காவிலோ, எண்ணெய் அழுத்தத்தால் தானே கியர் மாற்றும் ஹைட்ராமற்றிக் பொறி 1939இலேயே ஓல்ட்ஸ்மொபில் கார்களுக்கு வந்துவிட்டது. மின்னணு மூளை பின்னாளில் அதனோடு சேர்ந்தது. காரின் வேகத்தையும், முடுக்கி மிதிக்கப்படும் அளவையும் உணரிகள் அம்மூளைக்கு அறிவிக்கின்றன. அது மின்காந்த வால்வைத் திறக்க, எண்ணெய் பாய்ந்து உள்ளிருக்கும் கிளச்சுத் தட்டுகளை நெருக்குகிறது, கியர் மாறுகிறது.

இத்தகைய கார்கள் இன்று ஏ-9 வீதியிலும் ஓடுகின்றன. பழுதுற்றால் காது மட்டும் போதாது; கருவியைச் செருகிக் குறியெண்ணைப் படித்தல் வேண்டும். மண்ணெண்ணெய்க்கு எந்திரத்தைப் பழக்கிய மூத்த மெக்கானிக்மார் இன்னும் நம்மிடையே உளர்; அவர்தம் கைமுறையை மாணவர் கேட்டு எழுதிக்கொள்ளலாமே.